ஆறாம் நம்பர் மலைக் குற்றப்பத்திரிகை

காளியாயி போர்த்தியிருந்த கம்பளியிலிருந்து தண்ணீர் வடிந்து தொழிற்சங்க அலுவலகத்தின் பலகைத் தரையில் ஓடியது. உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. மடியிலிருந்த முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. என்ன நடக்கப்போவுதுன்னு மட்டும் தெரியும்" என்றாள்.

அது 1957 ஜூன் மாதம். லிந்துலைக் கடைவீதியில் துணிக்கடை மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கீழே கடை வைத்திருந்தவர் அண்ணன். மேலே சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தவர் தம்பி சண்முகராஜா. நாற்பது வயது. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்குப் பக்கத்தில் மாதர் தலைவி பேச்சியம்மா. அக்கரப்பத்தனைப் பக்கம் முப்பது வருடம் கொழுந்து பறித்து, விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனவள். எந்த வழக்கு வந்தாலும் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவாள். அரை மணி நேரத்தில் வேறொருவனைக் கண்டுபிடிப்பாள்.

தாள் இங்கிலீசில் இருந்தது. சண்முகராஜா அதை ஒருமுறை தனக்குள் படித்துவிட்டு, மறுமுறை தமிழில் சொன்னார். ஊசிப்பாறைத் தோட்டத்துக் கான்வெட்டு ஆள் அழகுமுத்து, ஜூன் பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை காலை பதினொரு மணியளவில், ஆறாம் நம்பர் மலை வண்டிப் பாதையில், ஆட்களை மேற்பார்க்கும் கடமையில் இருந்த கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தியை மண்வெட்டிப் பிடியால் பின்னாலிருந்து தலையில் அடித்தான். இது பாரதூரமான ஒழுக்கக்கேடு. வேலை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. விசாரணை பதினேழாம் தேதி திங்கட்கிழமை. தோட்ட மேலாளரான பெரியதுரை பன்னிரண்டாம் தேதி நுவரெலியாவில் கூட்டத்துக்குப் போயிருந்தபடியால், அவருக்கு அடுத்த சின்னதுரை கையெழுத்திட்டிருந்தார்.

குற்றம் நிரூபணமானால் என்ன ஆகும் என்று அதில் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை. அழகுமுத்துவுக்குப் பற்றுச்சீட்டு கொடுத்து, வேலை தீர்ந்தது என்று அனுப்புவார்கள். அவன் பேர் போனால் மனைவி காளியாயியின் பேரும் செக்ரோல் என்கிற ஆட்பதிவில் இருந்து போகும். லயத்துக் காம்பிராவை, இருக்கிற ஒற்றை அறையை, விட வேண்டும். கணக்கப்பிள்ளையை அடித்தவன் என்று சீட்டில் இருந்தால் வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. பிரஜாவுரிமை இல்லாத குடும்பம்; இரண்டு பிள்ளைகள். மிஞ்சுவது இந்தியாவுக்குப் போகிற கப்பல். அங்கே அவர்களுக்கு யாரும் இல்லை.

"அடிச்சானா?" என்று கேட்டார் சண்முகராஜா.

"இல்லீங்க. தூக்கிக்கிட்டுப் போனாரு."

நடந்ததை அவள் சொன்னாள். புதன்கிழமை காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது, முதல்நாள் வெட்டிய கானை ஆழம் போதாது என்று மறுபடி வெட்டச் சொல்லியிருக்கிறார் கணக்கப்பிள்ளை. கான் என்பது மழைத்தண்ணீர் ஓட மலையில் வெட்டும் வடிகால். மழையில் பாதி தூர்ந்துபோன கானுக்கு ஆழம் எங்கே இருக்கும் என்று அழகுமுத்து கத்தியிருக்கிறான். கத்தியதோடு நிற்கவில்லை. 'ஒருநாளைக்கு இந்தக் கான்லயே நீங்க கெடப்பீங்க' என்றும் சொல்லிவிட்டான். முப்பது பேர் கேட்டார்கள். பிறகு ஆறாம் நம்பர் மலைக்குப் போய், வண்டிப் பாதைக்குக் கீழே தனியாகக் கான் வெட்டிக்கொண்டிருந்தான். பதினொரு மணி வாக்கில் மேலே யாரோ அலறியது கேட்டது. சேற்றில் வழுக்கி வழுக்கிப் பாதைக்கு ஏறினான். பாதையில் யாரும் இல்லை. மேட்டுப்பக்கக் கானில் கணக்கப்பிள்ளை கிடந்தார், காலையில் இவன் சொன்ன மாதிரியே. முக்கால் மைல் முதுகில் சுமந்து டிஸ்பென்சரியில் கொண்டுபோய்ப் போட்டான். இரண்டு மணிக்கு இந்தத் தாளைக் கொடுத்தார்கள்.

"அடிச்சவன் சுமப்பானா? இதை வச்சே முடிச்சிடலாமுங்க" என்றாள் பேச்சியம்மா.

"பயந்துபோயி சுமந்தான்னு சொல்வாங்க அக்கா. நாளைக்கு நேர்ல போயிப் பார்ப்போம்."

மறுநாள் சனிக்கிழமை. அக்கரப்பத்தனை பஸ்ஸில் இறங்கி இரண்டு மைல் ஏறினார்கள். மழை மூன்று வாரமாக விடவில்லை. தோட்டத்துக்குள் வரப் பெரியதுரை கொடுத்த அனுமதிக் கடிதத்தைச் சண்முகராஜா சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.

முதலில் டிஸ்பென்சரி. மருந்து கொடுக்கிற டொக்டரையா அவசரத்தில் இருந்தார். புத்தகத்தைப் பார்த்துப் படித்தார்: இடது புருவத்துக்கு மேலே நெற்றியில் இரண்டு அங்குலக் காயம். இடது மணிக்கட்டு எலும்பு முறிவு. மாலைவரை நினைவில்லை. பதின்மூன்றாம் தேதி காலையில்தான் பேசினார்.

வெளியே வந்ததும் பேச்சியம்மா சண்முகராஜாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். "பதிமூணாந்தேதிதானே வாயைத் தொறந்தாரு? பன்னெண்டாந்தேதி ரெண்டு மணிக்கே அழகுமுத்துதான்னு இவங்களுக்கு யாரு சொன்னது?"

நல்ல கேள்வி என்று சண்முகராஜா ஒப்புக்கொண்டார். ஆனால் காலைச் சண்டையை முப்பது பேர் கேட்டிருக்கிறார்கள். தோட்டத்துக்கு அதுவே போதும் என்று சொல்லிவிடுவார்கள் என்றார். பேச்சியம்மாவின் முகம் விழுந்தது.

"நெத்திக் காயம்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

ஆறாம் நம்பர் மலையில் கங்காணி சோலைமலை காத்துக்கொண்டிருந்தார். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். அறுபது வயது, எந்தப் பக்கமும் சாயாமல் காலத்தை ஓட்டியவர். பாதை அந்த இடத்தில் வளைந்தது. மேட்டுப்பக்கம் மண்ணைச் செங்குத்தாக வெட்டிய சுவர், ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே. அதன் அடியில் முழங்கால் ஆழத்தில் ஒரு கான். பள்ளப்பக்கம் தேயிலை. கால் தடம் எதுவும் இல்லை. ஒரு மணி நேர மழையிலேயே எல்லாம் போயிருக்கும்.

"நான் வந்தப்போ அழகுமுத்து அவரைத் தூக்கக் குனிஞ்சிருந்தான். மண்சொவத்துல முதுகைச் சாய்ச்ச மாதிரி கெடந்தாருங்க. தொப்பியும் குடையும் பக்கத்துல. அதை ரெண்டையும் நான் எடுத்து ஆபீசுல குடுத்தேன்."

"குடை எப்படி இருந்திச்சு?"

"குடை மாதிரிதாங்க இருந்திச்சு."

பேச்சியம்மா சிரித்துவிட்டாள். சண்முகராஜா சிரிக்கவில்லை. விரிந்திருந்ததா, உடைந்திருந்ததா என்று பொறுமையாகக் கேட்டார்.

"மடக்கி, வாரெல்லாம் போட்டு ஒழுங்கா இருந்திச்சுங்க. அப்படியே குடுத்தேன். ஐயா குடையை நான் ஏன் தொறக்கணும், ஏன் மூடணும்?"

"அப்போ மழை?"

"ஒம்பது மணிக்குப் புடிச்சது, ராத்திரி வரைக்கும் விடல. கொட்டுன கொட்டுல எதிர்ல நிக்கிற ஆளு தெரியல."

சண்முகராஜா அடுத்த கேள்வியைக் கேட்க வாயெடுத்தபோது வளைவில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. சின்னதுரை. தோட்டத்துக்கு வந்து எட்டு மாதம். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. மழைக்கோட்டும், முழங்கால்வரை சப்பாத்தும், கையில் கனத்த தடியும். சண்முகராஜா பாதையின் ஓரத்தில் குடையோடு நின்றார். சின்னதுரை அவரையும் குடையையும் மேலும் கீழும் பார்த்தார். யாரைக் கேட்டு உள்ளே வந்தாய் என்று தோட்டத் தமிழில் கேட்டார். சண்முகராஜா கடிதத்தை நீட்டினார். அதைப் படித்துவிட்டு, கையில் கொடுக்காமல் குடையின் மேல் வைத்துவிட்டுச் சின்னதுரை நடந்தார். ஈரமான கடிதம் வழுக்கிச் சேற்றில் விழுந்தது.

சண்முகராஜா குனிந்து எடுத்தார். நிமிர்ந்து திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பேச்சியம்மா கானுக்குள் நின்றாள். சோலைமலையும் நின்றார். இருவருடைய முதுகும் மண்சுவரை ஒட்டியிருந்தது. சோலைமலையின் தலைச்சாக்கு கையில் இருந்தது. பேச்சியம்மாவின் குடை மடங்கி, வாரும் போட்டு, அக்குளில் இருந்தது. மழை அவள் தலையில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஏன் அங்க நிக்கிறீங்க?"

அவள் அப்போதுதான் குனிந்து காலைப் பார்த்தாள். முழங்கால்வரை தண்ணீர். எப்போது இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மேடையேறிப் பேசுகிற மாதர் தலைவி. முகம் எரிந்தது.

"பழக்கந்தாங்க" என்றாள் கோபமாக.

"ஒரு நிமிசம் அப்படியே நில்லுங்க."

அவர் கானின் ஓரத்தில் குந்தி, அவள் முதுகுக்கும் மண்சுவருக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தார். ஒரு சாண்கூட இல்லை. பிறகு எழுந்து, போகலாம் என்றார். தன்னைக் கேலி செய்கிறார் என்று பேச்சியம்மா நினைத்தாள். பஸ் வரும்வரை அவரோடு பேசவில்லை. பஸ்ஸில் ஏறியதும் பொறுக்க முடியாமல், சோலைமலைதான் செய்திருப்பார், அவருடைய மகனுக்குக் கணக்கப்பிள்ளை வேலை வேண்டும் என்று ரொம்ப நாளாக அலைகிறார் என்று அடித்துச் சொன்னாள்.

"அவருக்காகக் கணக்கப்பிள்ளை குடையை மடக்குவாரா?" என்று மட்டும் கேட்டார் சண்முகராஜா. அவள் அதையும் விளங்கிக்கொள்ளவில்லை. வண்டி லிந்துலை வரும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோசமாக இருக்கிற ஆளின் முகம் அல்ல அது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தோட்ட அலுவலகத்தில் விசாரணை. பெரிய மேசைக்குப் பின்னால் பெரியதுரை. இருபத்தேழு வருடம் இந்த மலையில் இருந்தவர். தமிழ் பேசுவார், அதிகம் பேசமாட்டார். அவருக்கு வலப்பக்கம் சின்னதுரை. இடப்பக்கம் பெரிய கிளாக்கர் எழுதத் தயாராக இருந்தார். தலையில் கட்டும், கையைத் தொங்கவிட்ட தூளியுமாக வந்த கணேசமூர்த்திக்கு ஒரு ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். அழகுமுத்து கைகட்டி நின்றான். சோலைமலை கதவோரம். வெளியே வராந்தாவில், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காளியாயி. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தன தோட்டத்து ஒழுக்க விதிகள்: இருபத்தொன்று. சிறிய மேசையில் மூன்று பொருள்கள் இருந்தன: ஒரு மண்வெட்டிப் பிடி, ஒரு காக்கித் தொப்பி, ஒரு கறுப்புக் குடை.

கணேசமூர்த்தி வாக்குமூலம் கொடுத்தார். குடை பிடித்துக்கொண்டு பாதையில் நடந்தபோது பின்னாலிருந்து அடி விழுந்தது. விழும்போது திரும்பிப் பார்த்ததில் அழகுமுத்துவைக் கண்டதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் அழகுமுத்துவைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த விதிகளைப் பார்த்தார்.

சண்முகராஜா எழுந்து, கேட்கலாமா என்று கேட்டார். பெரியதுரை தலையசைத்தார்.

முதலில் டொக்டரையாவின் புத்தகத்தில் இருந்ததைப் படிக்கச் சொன்னார். பெரிய கிளாக்கர் படித்தார். காயம் நெற்றியில். பின்னாலிருந்து அடித்தால் நெற்றியில் எப்படிக் காயம் என்று சண்முகராஜா கேட்டார். திரும்பியபோது பட்டிருக்கலாம் என்றார் கணேசமூர்த்தி. இருக்கலாம் என்று சண்முகராஜாவும் சொன்னார். மணிக்கட்டு? மறுபடி ஓங்கியபோது கையால் தடுத்தேன் என்றார். சண்முகராஜா அதையும் மறுக்கவில்லை.

அடுத்து அவர் தொப்பியை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். நெளிவு இல்லை. உள்ளேயும் வெளியேயும் இரத்தக்கறை இல்லை. இரண்டங்குலக் காயம் பட்ட தலையில் இந்தத் தொப்பி இருந்திருக்க முடியாது. அடிபட்டபோது தொப்பி கையில் இருந்திருக்கிறது.

பிறகு குடை. பெரிய கிளாக்கரிடம் கொடுத்து வாரை அவிழ்த்து விரிக்கச் சொன்னார். அவர் விரித்ததும் புழுங்கல் நாற்றம் அறை முழுக்க வந்தது. மடிப்புகளுக்குள் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

"இது விரிச்சபடி மழையில நனைஞ்ச குடை. நனைஞ்சதுக்கப்புறம் மடக்கியிருக்காங்க. அதனாலதான் உள்ளுக்குள்ள இப்படி. ஆகவே கணக்கப்பிள்ளை ஐயா குடை புடிச்சிக்கிட்டு வந்தேன்னு சொல்றது உண்மை" என்றார் சண்முகராஜா. "சோலைமலை எடுக்கும்போது இது வார் போட்டு இருந்திச்சு. அடிபட்டு விழுந்த ஆளு குடையை மடக்கி வார் போட மாட்டாரு. அப்போ அடி விழுறதுக்கு முந்தியே மடக்கிட்டாரு. கொட்டுற மழையில. தொப்பியையும் கழட்டிட்டாரு."

அவர் கணேசமூர்த்தியின் பக்கம் திரும்பினார். "ஏங்கய்யா மடக்குனீங்க?"

கணேசமூர்த்தி தூளியின் முடிச்சைச் சரிசெய்யத் தொடங்கினார்.

பேச்சியம்மாவுக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. மூளைக்கு முன்னால் உடம்புக்கு விளங்கியது. வலது கை தானாக வாரைத் தேடியது; கணுக்காலில் கான் தண்ணீரின் குளிர் ஏறியது. முப்பது வருடம் தினம் செய்தது. தினம் செய்ததால் கண்ணில் படவே இல்லை.

"சோலைமலை, நீங்க எத்தனை வருசமா இந்தத் தோட்டத்துல?"

"பொறந்ததே இங்கதாங்க."

"கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு எதிர்ல ஒரு கான்வெட்டு ஆளு வந்தா, குடையை மடக்குவாரா?"

சோலைமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "அது எப்படிங்க. ஆளுதான் எறங்கி நிக்கணும்."

"கங்காணி வந்தா?"

"ம்ஹும்."

"கணக்கப்பிள்ளைக்கு மேல இருக்கிற கண்டாக்கு ஐயா வந்தா?"

"வணக்கம் சொல்வாரு. குடையை மடக்க மாட்டாரு."

"அப்போ யாருக்கு மடக்குவாரு?"

சோலைமலையின் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போனது. எங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. கதவின் கொண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சண்முகராஜா அவரை வற்புறுத்தவில்லை. சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினார்.

"இதுல இருபத்தொரு விதி இருக்கு. நான் எல்லாத்தையும் படிச்சேன். குடையைப் பத்தி ஒண்ணும் இல்ல. தொப்பியைப் பத்தி இல்ல. பாதையை விட்டுக் கான்ல எறங்கி, முதுகை மண்ணுல ஒட்டி நிக்கணும்னு எழுதல. ஆனா தோட்டத்துல எல்லாரும் மறக்காம செய்ற விதி அது ஒண்ணுதான். கணக்கப்பிள்ளை ஐயா கானுக்குள்ள, மண்சொவத்துல முதுகு சாய்ஞ்ச மாதிரி கெடந்தாரு. அந்த எடத்துல பின்னால ஒரு ஆளு நின்னு அடிக்க எடமே இல்ல. ஒரு சாண்கூட இல்ல. அடிச்சது பாதையில முன்னால நின்ன ஆளு. அவரை இவரு நல்லாப் பார்த்திருக்காரு. பார்த்துத்தான் மடக்கியிருக்காரு."

பெரிய கிளாக்கரின் பேனா நின்றுவிட்டது. இங்கே எதை எழுதுவது என்று தெரியாமல் அவர் பெரியதுரையைப் பார்த்தார்.

"நான் யாரு பேரையும் சொல்ல வரல" என்றார் சண்முகராஜா. குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நான் வந்தது அழகுமுத்துவோட வேலைக்கு. ஒரு கான்வெட்டு ஆளைக் கண்டு கணக்கப்பிள்ளை ஐயா கொட்டுற மழையில தொப்பியைக் கழட்டி, குடையை மடக்கி, வாரையும் போட்டுக்கிட்டுக் கான்ல எறங்கி நிக்க மாட்டாரு. அவ்வளவுதான்."

அறையில் யாரும் சின்னதுரையைப் பார்க்கவில்லை. அழகுமுத்து தரையைப் பார்த்தான். சோலைமலை கதவைப் பார்த்தார். பெரிய கிளாக்கர் மைக்கூட்டைப் பார்த்தார். எட்டுப் பேர் இருக்கிற அறையில் ஒரு நாற்காலியை மட்டும் எல்லாரும் இப்படி விட்டுவிட்டுப் பார்த்தால், விரலை நீட்டிக் காட்டியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. பன்னிரண்டாம் தேதி பெரியதுரை நுவரெலியாவில் இருந்தார். அதைக் குற்றப்பத்திரிகையிலேயே எழுதியிருந்தார்கள்.

பெரியதுரை குற்றப்பத்திரிகையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு, "எல்லாம் வெளிய போ" என்றார். சின்னதுரை மட்டும் எழவில்லை.

வராந்தாவில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். உள்ளே இங்கிலீசில் ஒரு குரல்தான் கேட்டது, அதுவும் தாழ்ந்த குரல். கணேசமூர்த்தி ஒரு தூணருகே தனியாக நின்றார். யாரும் அவர் பக்கம் போகவில்லை. பேச்சியம்மா காளியாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு, பிழைத்தோம், இனி ஒன்றும் இல்லை என்று காதோடு சொன்னாள். சண்முகராஜா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அவரை எதுக்கு அடிச்சிருப்பாரு?" என்று கேட்டாள்.

"தெரியாது அக்கா. கான் தூர்ந்ததுக்கா இருக்கலாம். ஒண்ணுமில்லாததுக்கும் இருக்கலாம். நமக்கு ஒருநாளும் தெரியப்போறதில்ல."

மறுபடி கூப்பிட்டார்கள். சின்னதுரையின் நாற்காலி காலியாக இருந்தது. பின்கதவு வழியே பங்களாவுக்குப் போயிருந்தார். பெரிய கிளாக்கர் எழுந்து தீர்ப்பைப் படித்தார். அழகுமுத்துமேல் உள்ள குற்றச்சாட்டு விலக்கிக்கொள்ளப்படுகிறது. நாளைக் காலை பெரட்டுக்கு வரலாம். அவன் காம்பிரா அவனுக்கே.

சன்னலுக்கு வெளியே காளியாயி கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

பெரிய கிளாக்கர் உட்காரவில்லை. இன்னொரு பத்தி இருந்தது. மேலாளரிடம் பொய்யான முறைப்பாடு செய்தல், விதி பதினான்கு. கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி இன்று முதல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். குவார்ட்டர்சைப் பதினான்கு நாளில் ஒப்படைக்க வேண்டும். சின்னதுரையின் பேர் எங்கும் இல்லை. அவர் மாத முடிவில் வேறு தோட்டத்துக்கு மாறிப்போகிறார் என்று பெரிய கிளாக்கர் பிறகு, யாரும் கேட்காமலேயே, தணிந்த குரலில் சொன்னார். இதைவிடப் பெரிய தோட்டமாம்.

வெளியே வந்ததும் பேச்சியம்மா சண்முகராஜாவின் முன்னால் போய் நின்றாள்.

"கணக்கப்பிள்ளைதான் போவாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப?"

"சனிக்கிழமை, பஸ்ஸுல. அங்க ரெண்டு பேருதான் இருந்தாங்க அக்கா. துரைமாரு தங்களுக்குள்ள ஒருத்தரை அனுப்ப மாட்டாங்க."

அவள் படிப்பக்கம் திரும்பினாள்.

கணேசமூர்த்தி படியில் இறங்கிக்கொண்டிருந்தார். சண்முகராஜா அவரிடம் போனார். பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தார்.

"ஐயா, இப்போ இவங்க ஒங்களுக்கு எதையும் செய்ய முடியாது. எல்லாம் செஞ்சாச்சு. யாரு அடிச்சதுன்னு ஒங்க வாயால சொல்லுங்க. எழுதுறேன். பொலிசுக்கு நானே கூட வர்றேன். ஒங்க உத்தியோகத்தர் சங்கத்துக்கிட்டயும் நான் பேசுறேன்."

கணேசமூர்த்தி அந்தத் தாளைப் பார்த்தார். ஐம்பது வயது மனிதர். கல்யாணத்துக்கு நிற்கிற மகள் இருப்பதாக எல்லோருக்கும் தெரியும். கட்டுப்போட்ட கையால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நற்சாட்சிப் பத்திரம் குடுத்திருக்காங்க" என்றார். "ஒழுங்கானவன், பணிவானவன்னு. பொல்பிட்டியப் பக்கம் மின்சார வேலைக்கு ஆளு எடுக்கப்போறாங்களாம். இதைக் காட்டினாத்தான் உள்ள விடுவாங்க." ஒரு படி இறங்கினார். "வழுக்கி விழுந்தேன்னு எழுதிக்குங்க."

காளியாயி கீழ்ப்படியில் நின்றிருந்தாள். அழகுமுத்து அவளைப் போகலாம் என்று இழுத்தான். அவள் நகரவில்லை. கணக்கப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். அவரை அவள் அப்படிப் பார்ப்பது அதுவே முதல்தடவை.

"எம் புருசன் சட்டையை மூணு தடவ தொவச்சிட்டேங்க" என்றாள். "முதுகுல ஒங்க ரத்தம் இன்னும் போகல."

கணேசமூர்த்தி தலை குனிந்தார். அவள் பதிலுக்கு நிற்கவில்லை. பிள்ளைகள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உலை வைக்க வேண்டும். புருசனுக்கு முன்னால் மழையில் இறங்கி லயத்தை நோக்கி நடந்தாள்.

சண்முகராஜா எழுதாத தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.